மீன்முள் தரை போட ஆசை: எஸ்பிசியா, மரமா, டைலா?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே படத்தை எனக்கு அனுப்பினார்கள். ஒருவர் செத்தாபாக்கில் பதினோராவது மாடிக் கொண்டோவில் இருக்கும் வாசகர். இன்னொருவர் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அத்தை. படத்தில் ஒரு வரவேற்பறை. வெளிர்பழுப்பு மரப்பலகைகளை மீன்முள் போலக் கோத்துக் கோத்து அடுக்கியிருந்தார்கள். "இந்த மாதிரித் தரைக்கு எந்தப் பொருள் நல்லது?" என்று வாசகர் கேட்டிருந்தார். அத்தை கேட்கவில்லை. "இதத்தான் போடப் போறேன், எவ்வளவு வெள்ளி ஆகும்னு மட்டும் சொல்லு" என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. படத்தில் வடிவம் மட்டும்தான் தெரிகிறது. அந்தப் பலகை எதனால் ஆனது, அதன் அடியில் என்ன இருக்கிறது, அந்த வீட்டில் யார் எப்படித் தரை துடைக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. நான் பார்த்தவரையில் நம் ஊர் வீடுகளில் தரையைக் கெடுப்பவை இரண்டு: தண்ணீர், மட்டம் சரியில்லாத சிமெண்டு. மீன்முள் வடிவம் இந்த இரண்டையும் மறைக்காது, எடுத்துக் காட்டும்.

அதனால் பொருளை முதலில் முடிவு செய்யுங்கள், வடிவத்தைக் கடைசியில் வையுங்கள் என்றுதான் இருவருக்கும் எழுதினேன். அத்தைக்கு இது பிடிக்கவில்லை.

## வடிவங்கள் எத்தனை வகை

கடையில் மூன்று பெயர்கள் காதில் விழும். ஹெர்ரிங்போன் என்பது மீன்முள். மலாய்க்காரக் கடைகளில் 'துலாங் ஈக்கான்' என்று கேட்டாலே காட்டிவிடுவார்கள். செவ்வகப் பலகையின் முனை அடுத்த பலகையின் பக்கவாட்டில் முட்டி நிற்கும். படிப்படியாக ஏறி இறங்குவது போலத் தெரியும். செவ்ரான் என்றால் பலகையின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டியிருப்பார்கள். முனையும் முனையும் சந்திக்கும் இடத்தில் ஒரே நேர்கோடு ஓடும், அம்புகளை வரிசையாக அடுக்கியது போல. மூன்றாவது பழைய டெரஸ் வீடுகளில் இருக்கும் பார்க்கே. விரலளவுக் குச்சிகளைச் சதுரம் சதுரமாக, ஒன்று நெடுக்கு ஒன்று குறுக்காக ஒட்டியிருப்பார்கள். எண்பதுகளில் வாங்கிய வீட்டின் மாடி அறையில் வளர்ந்தவர்களுக்கு அதன் வாசனைகூட நினைவிருக்கும்.

மீன்முள் ஒன்றும் புதுமோஸ்தர் இல்லை. ரோமானியர்கள் செங்கல்லை இப்படி அடுக்கி, அதற்குக் கதிர் வேலைப்பாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். கதிரில் மணிகள் நிற்கும் ஒழுங்கைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே படுகிறது.

சின்ன அறைக்குச் சின்னப் பலகை எடுங்கள். 10 அடி அகல அறையில் நாலடிப் பலகையை மீன்முள்ளாகப் போட்டால் வடிவம் கண்ணில் பிடிபடுவதற்குள் சுவர் வந்துவிடும். செவ்ரானுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அந்த நேர்கோடு சுவருக்குக் கொஞ்சம் சாய்ந்தாலும் வாசலில் நிற்பவருக்கே தெரியும். நம் டெரஸ் வீட்டுச் சுவர்கள் எத்தனை நேர் என்பது உங்களுக்குத் தெரியாததா?

## எதை வைத்து எடைபோடுவது

தண்ணீர். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெள்ளத்தை மட்டும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னால் வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் பழக்கம், ஏர்கோன் சொட்டுவது, கண்ணாடிக் கதவுக்கு அடியில் மழை அடித்து உள்ளே வருவது, குளியலறையிலிருந்து ஈரக்காலோடு நேரே பூஜை அலமாரிக்கு வருவது, எல்லாமே தண்ணீர்தான். வீட்டில் பிழியாத துடைப்பத்தால் துடைப்பவர் இருந்தால், எந்த விற்பனையாளர் என்ன சொன்னாலும், அவரை வைத்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருளை வாங்கிவிட்டு அவருடைய பழக்கத்தை மாற்றலாம் என்று நினைப்பது வீண். என் அம்மாவிடம் நான் பத்து வருடமாக முயன்று பார்த்தவன்.

காற்றின் ஈரம். இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து அகலவாட்டில் விரியும், ஏர்கோன் அறையில் சுருங்கும். பகலெல்லாம் சன்னல் திறந்து, இரவெல்லாம் ஏர்கோன் போடும் அறையில் இந்த இழுபறி தினமும் நடக்கும். நேராகப் போட்ட பலகை பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் விரியும். மீன்முள்ளில் பலகைகள் இரு திசையில் கிடப்பதால் நான்கு சுவர் ஓரத்திலும் இடைவெளி விட்டே ஆக வேண்டும். அந்த இடைவெளியைச் சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பலகை மறைக்கும். "ஸ்கர்டிங் வேண்டாம், சுவர்வரை ஒட்டிப் போடலாம்" என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடித்தரையின் மட்டம். கிளிக் செய்து மாட்டும் பலகைகளுக்கு 2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நீளமான அலுமினியக் கம்பி ஒன்றைத் தரையில் வைத்து, அடியில் நாணயம் நுழைகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

கரையான். தரைமட்டத்தில் இருக்கும் டெரஸ் வீட்டுக்கு இது பெரிய கேள்வி. பதினோராவது மாடிக்கு அவ்வளவு இல்லை. ஆனால் பழைய மர அலமாரியோடு குடிவந்த கரையானைக் கொண்டோவிலும் பார்த்திருக்கிறேன்.

நெருப்பும் மஞ்சளும். விற்பனைத் தாளில் இது இருக்காது. நம் வீட்டில் குத்துவிளக்கு எண்ணெய் சிந்தும், கற்பூரம் விழும், மஞ்சள் நீர் தெளிப்போம், குங்குமம் கொட்டும்.

அப்புறம் வெறுங்காலுக்கு எப்படி இருக்கிறது, கீழ்வீட்டுக்குச் சத்தம் போகுமா, பத்து வருடம் கழித்து ஒரு பலகை மட்டும் கெட்டால் மாற்ற முடியுமா என்ற கேள்விகள் உண்டு. விலை? அதைத் தனியாகச் சொல்கிறேன். கடையில் ஒட்டியிருக்கும் சதுர அடி விலையை வைத்து இந்த வடிவத்தைக் கணக்குப் போட முடியாது.

## எஸ்பிசியும் வினைலும்

இப்போது கோலாலம்பூரில் கொண்டோ வாங்கும் பத்துப் பேரில் பாதிப்பேராவது முதலில் இதைத்தான் விசாரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எஸ்பிசி பலகை என்பது சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் சேர்த்து அழுத்திய கெட்டியான நடுப்பகுதி. அதன் மேல் மரப் படம் அச்சிட்ட ஏடு, அதற்கும் மேல் தேய்மானத்தைத் தாங்கும் கண்ணாடி போன்ற படலம். மொத்தத் தடிமன் பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர். பழைய டைலின் மேலேயே போடலாம் என்பது இதன் பெரிய வசதி. உடைக்க வேண்டாம், தூசி இல்லை, மூன்று நாளில் வேலை முடியும்.

தண்ணீர் பலகையை ஒன்றும் செய்யாது. இதை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். பலகைக்கு *அடியில்* போன தண்ணீர் என்ன ஆகும் என்பதைப் போட மாட்டார்கள். இணைப்பு வழியாகவோ சுவர் ஓரமாகவோ உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி நாற ஆரம்பிக்கும். அப்போது பலகைகளைக் கழற்றி, காயவைத்து, மறுபடி மாட்ட வேண்டும். நேர்வரிசையில் அது அரைநாள் வேலை. மீன்முள்ளில் இடதுபலகை, வலதுபலகை என்று இரண்டு வகை உண்டு, ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருக்கும். நடுவிலிருந்து ஒன்றை உருவ வேண்டுமானால் ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும்.

வாங்கும்போது மேற்படலத்தின் தடிமனைக் கேளுங்கள். படுக்கையறைக்கு 0.3 மில்லிமீட்டர் போதும். வரவேற்பறைக்கு, அதிலும் பிள்ளைகள் நாற்காலி இழுக்கும் வீட்டுக்கு, 0.5 எடுங்கள். மொத்தத் தடிமனைவிட இந்த எண்தான் முக்கியம். பல கடைகளில் 6 மில்லிமீட்டர் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் அடியில் ஒட்டிய நுரையும் சேர்ந்திருக்கும்.

இதன் எதிரி வெயிலும் வெப்பமும். மேற்கு பார்த்த பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் மத்தியான வெயில் நேரே விழுந்தால் பலகை விரிந்து முட்டிக்கொண்டு எழும்பலாம். அங்கே திரைச்சீலை இருக்கட்டும். கற்பூரம் விழுந்த இடம் கருகிச் சுருங்கிவிடும், தேய்த்தாலும் போகாது. ரப்பர் அடிபோட்ட கால்மிதியை நிரந்தரமாகப் போட்டு வைத்தாலும் மஞ்சளாகக் கறை படியும். புதுமனைக்கு ஹோமம் செய்வதாக இருந்தால் அதைக் கார் நிறுத்தும் இடத்திலோ டைல் போட்ட பகுதியிலோ வையுங்கள். நாலு செங்கல் அடுக்கி மணல் கொட்டினாலும் சூடு கீழே இறங்கத்தான் செய்யும்.

எஸ்பிசி இல்லாமல், 2 அல்லது 3 மில்லிமீட்டர் வினைலை, அதாவது மெல்லிய பிளாஸ்டிக் பலகையை, பசைபோட்டு ஒட்டுவதும் உண்டு. மலிவு, காலுக்கும் மென்மை. ஆனால் அடித்தரையில் இருக்கும் ஒரு மணல் துகள்கூட மேலே தெரியும்.

எனக்கு இது கொண்டோவுக்கும், வாடகைக்கு விடும் வீட்டுக்கும், டைல் உடைக்க முடியாத இடத்துக்கும் சரியான தேர்வு.

## லாமினேட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதன் மேல் கோபம் உண்டு. மரநாரை அழுத்திச் செய்த பலகை, மேலே மரப் படம், அதற்கு மேல் மெலமின் பூச்சு. ஏசி3, ஏசி4 என்று போட்டிருப்பது ஏர்கோனைக் குறிப்பதில்லை, தேய்மானத் தாங்குதிறனைக் குறிக்கும். எண் கூடக் கூட உறுதி கூடும். கீறலைத் தாங்குவதில் இது எஸ்பிசியைவிட நல்லது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போதும் காலுக்கு மரம் போலவே இருக்கும்.

செந்தூலில் என் வீட்டுச் சாப்பாட்டறையில் லாமினேட் போட்டிருந்தேன். தைப்பூசத்துக்கு எல்லாரும் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்தால், சமையலறைத் தண்ணீர் வடிகட்டியின் மெல்லிய குழாய் கசிந்து, பலகை ஓரங்கள் எல்லாம் உளுந்துவடை போல உப்பியிருந்தன. நீர் காய்ந்தது, உப்பல் வற்றவில்லை. இந்தப் பலகையில் ஒருமுறை நாருக்குள் தண்ணீர் போனால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. மீன்முள்ளில் இணைப்புகள் நேர்வரிசையைவிட அதிகம், அதாவது தண்ணீர் நுழையும் வாசல்கள் அதிகம். மாடியில், குளியலறை ஒட்டாத படுக்கையறை என்றால் போடலாம். வேறெங்கும் நான் சொல்ல மாட்டேன்.

## எஞ்சினியர்டு மரம்

மேலே உண்மையான மரம், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட். குறுக்குநெடுக்கு அடுக்குதான் இதன் சூட்சுமம்: ஓர் அடுக்கு விரியப் பார்த்தால் அடுத்த அடுக்கு பிடித்துக்கொள்ளும். அதனால் நம் ஈரக்காற்றில் ஒரே துண்டு மரத்தைவிட இது அமைதியாக இருக்கும். மீன்முள்ளையும் செவ்ரானையும் உண்மையான மரத்தில்தான் போட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேல்மரம் எத்தனை மில்லிமீட்டர்? 1 மில்லிமீட்டருக்கும் குறைவான மேலேட்டை ஒட்டிவிட்டு அதையும் எஞ்சினியர்டு மரம் என்றே விற்பார்கள். அதைத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. கீறல் விழுந்தால் அப்படியே வாழ வேண்டியதுதான். 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருந்தால் வருங்காலத்தில் ஓரிரு முறை தேய்த்து மறுபூச்சு போடலாம். கடையில் பலகையின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

மறைந்திருக்கும் செலவு அடித்தரையில் இருக்கிறது. மீன்முள் எஞ்சினியர்டு மரத்தைப் பெரும்பாலும் முழுக்கப் பசைபோட்டு ஒட்டுவார்கள். அதற்குச் சிமெண்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மட்டமாகவும் இருக்க வேண்டும். தரைமட்ட வீடென்றால் ஒரு சோதனை செய்யுங்கள்: இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டு வையுங்கள். மறுநாள் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. ஈரத்தடுப்புப் பூச்சு போடாமல் அதன் மேல் எந்த மரத்தையும் ஒட்டக் கூடாது.

பிளைவுட் என்பதால் கரையானுக்கும் இது விருந்துதான். டெரஸ் வீட்டில் போடுவதற்கு முன் மண்மருந்து போட்டிருக்கிறார்களா, எப்போது போட்டார்கள் என்று விசாரியுங்கள்.

## திட மரமும் உங்கள் பழைய பார்க்கேவும்

முழுத்துண்டு மரத்தில் புதிதாக மீன்முள் போடுவது இன்று காசும் பொறுமையும் உள்ளவர்களுக்கு மட்டும். மெர்பாவ், கெம்பாஸ், தேக்கு என்று கடையில் சொல்வார்கள். மெர்பாவ் செம்பழுப்பு, 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்தார்களே, அதே மரம்தான். ஈரம் பட்டால் காவிச் சாயம் விடும் குணம் அதற்கு உண்டு. வெள்ளைச் சுவரும் வெள்ளை ஸ்கர்டிங்கும் வைத்திருப்பவர்கள் பூச்சு போடும்வரை கவனமாக இருக்க வேண்டும். எந்த மரமானாலும், வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டைப் பிரித்துச் சில நாளாவது காற்றுப்படக் கிடத்திவிட்டு அப்புறம் ஒட்ட வேண்டும். இறக்கிய அன்றே ஒட்டுகிறேன் என்பவர் அவசரக்காரர்.

ஆனால் இந்தத் தலைப்பில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. செந்தூல், கெப்போங், பாயான் பாரு பக்கம் பழைய டெரஸ் வீடு வாங்குபவர்கள் மாடியில் இருக்கும் பார்க்கேவைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கறுத்து, பூச்சு உரிந்து, அங்கங்கே ஒரு குச்சி பெயர்ந்து கிடக்கும். உடனே அதன் மேல் எஸ்பிசியைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அட, நீங்கள் மூடுவது உண்மையான மரம், அதுவும் ஏற்கெனவே வடிவம் போட்ட மரம்! எந்திரத்தால் தேய்த்தால் அந்தக் கறுப்பு போய் உள்ளே தேன்நிற மரம் வரும். மேலே மூன்று கை பூச்சு. மீன்முள் இல்லைதான். ஆனால் வலைப்பின்னல் போன்ற அந்தச் சதுரங்களை இன்று புதிதாகப் போடச் சொன்னால் என்ன விலை சொல்வார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

தேய்ப்பதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றி வாருங்கள். பொத்தென்று வெறுமையாகச் சத்தம் வரும் இடத்தில் பசை விட்டிருக்கிறது. ஒன்றிரண்டு சதுர அடி என்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பாதி அறை அப்படி என்றாலோ, குச்சியின் முனை மரத்துக்குள் இறங்கினாலோ விட்டுவிடுங்கள். இறங்கினால் கரையான் சாப்பிட்டுவிட்டது. தேய்க்கும் அன்று தூசி வீட்டின் எல்லா மூலைக்கும் போகும், பூச்சு வாடை சில நாள் இருக்கும். பிள்ளைகளோடு அந்த வீட்டிலேயே தங்கிக்கொண்டு செய்ய வேண்டாம்.

## மரம் போன்ற போர்சலின் டைல்

அத்தையின் வீட்டுக்கு நான் சொன்னது இதைத்தான். போர்சலின் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, தரக்கணக்கே அப்படித்தான். கரையான் தொடாது, கற்பூரம் எரிக்காது, வாளி வாளியாக ஊற்றலாம். 2017 நவம்பர் வெள்ளம் பினாங்கிலும் 2021 டிசம்பர் வெள்ளம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வீட்டுக்குள் புகுந்தபோது, சேற்றைத் தள்ளிக் கழுவி மறுபடி புழங்கிய தரைகளில் பெரும்பாலானவை டைல்தான். தாழ்வான தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

குறை இரண்டு. முதலாவது, தொட்டால் அது மரம் இல்லை. இந்த வெயிலுக்குக் காலில் குளிர்ச்சி பலருக்குப் பிடிக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குப் பிடிக்காது. இரண்டாவது, போடுகிறவரின் கை. நீளமான டைல் சூளையில் வேகும்போது நடுவில் லேசாக வளையும். 20-க்கு 120 சென்டிமீட்டர் டைலை மீன்முள்ளாகப் போட்டால் ஒன்றின் முனை இன்னொன்றின் பக்கவாட்டில் முட்டும் இடத்தில் உதடு தூக்கும், நடக்கும்போது கால்விரலில் இடிக்கும். 15-க்கு 60 போன்ற சிறிய அளவு எடுத்தால் இது பெரிதும் குறையும். மட்டப்படுத்தும் கிளிப் வைத்துப் போடுகிறாரா என்றும் கேளுங்கள்.

இடைவெளிச் சாந்தின் நிறத்தை டைலின் நிறத்துக்கு ஒட்டியே எடுங்கள். வெள்ளைச் சாந்தில் மஞ்சளும் குங்குமமும் ஏறினால் அப்புறம் மீன்முள்ளுக்குப் பதில் கறைக்கோலம்தான் தெரியும். எபாக்சி சாந்து கறை வாங்காது, விலையும் கூலியும் கூடுதல்.

வழுக்காத தன்மைக்கு ஆர்9, ஆர்10 என்று எண் உண்டு, எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஈரம் படும் வீட்டுக்கு ஆர்10 வாங்குங்கள். வழவழவென்று பளபளக்கும் மர டைல் ஒன்று வருகிறது. மரமும் இல்லை, டைலும் இல்லை, வழுக்குமரம்.

## ஒரே பார்வையில்

| பொருள் | தண்ணீர் | கரையான் | விளக்கு, கற்பூரம் | அடித்தரை வேலை | ஒரு பலகை கெட்டால் |
|---|---|---|---|---|---|
| எஸ்பிசி | பலகைக்குக் கெடுதல் இல்லை, அடியில் தேங்கும் | தொடாது | கருகும் | மட்டம் வேண்டும், டைல் மேலேயே போடலாம் | ஓரத்திலிருந்து கழற்ற வேண்டும் |
| லாமினேட் | உப்பும் | சாப்பிடும் | கருகும் | மட்டம் வேண்டும் | ஓரத்திலிருந்து கழற்ற வேண்டும் |
| எஞ்சினியர்டு மரம் | உடனே துடைத்தால் தாங்கும் | சாப்பிடும் | கருகும், தேய்க்கலாம் | மட்டமும் உலர்வும் வேண்டும் | வெட்டி எடுத்து ஒட்டலாம் |
| திட மரம் | உடனே துடைத்தால் தாங்கும் | மரத்தைப் பொறுத்தது | கருகும், பலமுறை தேய்க்கலாம் | மட்டமும் உலர்வும் வேண்டும் | வெட்டி எடுத்து ஒட்டலாம் |
| போர்சலின் டைல் | கவலை இல்லை | தொடாது | கவலை இல்லை | பழையதை உடைப்பது நல்லது | உடைத்து மாற்றலாம், அதே டைல் கையில் இருந்தால் |

## கடைக்காரர் சொல்லாத கணக்கு

14-க்கு 20 அடி வரவேற்பறை என்று வைத்துக்கொள்வோம், 280 சதுர அடி. நேர்வரிசையில் வெட்டுச் சேதாரம் 6 சதவீதம் என்றால் 297 சதுர அடி போதும். மீன்முள்ளுக்கு 15 சதவீதம் வைத்தால் 322. பெட்டிக்கு 20 சதுர அடி என்றால் முதலாவதற்கு 15 பெட்டி, இரண்டாவதற்கு 17. பொருளில் கூடுவது இவ்வளவுதான். சுவர் கோணலாக இருந்தால் இன்னொரு பெட்டி.

கூலிதான் அதிகம் எகிறும். நேர்வரிசைக்கு ஒரு கூலி, மீன்முள்ளுக்கு வேறு கூலி. இரட்டிப்பாகக் கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். நடுக்கோட்டைப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று அளந்து, ஓரத்துப் பலகை ஒவ்வொன்றையும் சாய்வாக வெட்டி மாட்ட வேண்டும். உண்மையாகவே நேரம் பிடிக்கும் வேலை. அடிமாட்டு விலைக்குச் செய்கிறேன் என்பவரிடம், அவர் முன்பு போட்ட ஒரு வீட்டின் *ஓரங்களை* படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் எல்லாரும் அழகாகத்தான் போடுவார்கள்.

தரை உயர்ந்தால் கதவுகளின் அடியைச் சீவ வேண்டும். சமையலறை டைலும் புதுத் தரையும் சேரும் இடத்துக்குப் பட்டை வேண்டும். மட்டப்படுத்தும் சிமெண்டு, பழைய டைல் உடைக்கும் கூலி, குப்பை ஏற்றும் லாரி எல்லாம் தனித்தனி வரி. கொண்டோவில் வேலை தொடங்கும் முன் நிர்வாக அலுவலகத்தில் டெபாசிட் கட்டி, எந்த நேரத்தில் தட்டலாம் உடைக்கலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரநாளில் சில மணிநேரம்தான் உடைக்கலாம் என்றால் இரண்டு நாள் வேலை ஒரு வாரம் இழுக்கும். அந்தக் கூலி யார் தலையில் என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

## யாருக்கு எது

கொண்டோவில் சின்னப் பிள்ளையோடு இருக்கும் குடும்பத்துக்கு, டைல் ஏற்கெனவே போட்டிருந்தால், எஸ்பிசி மீன்முள். செத்தாபாக் வாசகருக்கு இதைத்தான் சொன்னேன், கூடவே பூஜை அலமாரிக்கு அடியில் மட்டும் ஒரு கல் பலகை போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் வீட்டு மட்டத்தை அளந்துவிட்டு, நடுவில் 7 மில்லிமீட்டர் பள்ளம் இருப்பதாக எழுதினார். மட்டப்படுத்தும் செலவைச் சேர்த்த பிறகு, வரவேற்பறைக்கு மட்டும் மீன்முள், மற்ற அறைகளுக்கு அதே நிறத்தில் நேர்வரிசை என்று முடிவெடுத்திருக்கிறார். நான் நினைத்ததைவிட நல்ல முடிவு.

சொந்த வீடு, எப்போதும் ஏர்கோன் ஓடும் படுக்கையறை, துடைப்பது நீங்களேதான் என்றால் எஞ்சினியர்டு மரம். அந்தச் செலவை வரவேற்பறையில் செய்யாமல் படுக்கையறையில் செய்யுங்கள். வெறுங்காலோடு அதிகம் நடப்பதும் தண்ணீர் குறைவாகப் படுவதும் அங்கேதான்.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பகுதிக்குள் வீடு இருந்தால், கை வைப்பதற்கு முன் பினாங்குத் தீவு மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். மாடியில் உத்தரத்தின் மேல் பலகை போட்ட தரை என்றால் அதன் மேல் சாந்தும் டைலும் ஏற்றாதீர்கள், பாரம் தாங்குமா என்று தெரியாது. கீழே பூப்போட்ட பழைய சிமெண்டு டைல் இருந்தால் மீன்முள் ஆசையையே விட்டுவிடுங்கள். அதைவிட அழகான வடிவம் கடையில் கிடையாது.

அத்தை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஆயர் ஈத்தாமில் ஒரு டைல் கடைக்குத் தானே போய், மாதிரித் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கற்பூரம் ஏற்றி, ஒரு ராத்திரி வாசலில் மழையில் போட்டுப் பார்த்திருக்கிறார். வரவேற்பறையில் 15-க்கு 60 டைல், மீன்முள், சாந்து அதே பழுப்பு நிறம். மிச்சமான இரண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அதே நிறம் மறுபடி கிடைக்காது என்று சொல்லியிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். இப்போது அதன் மேல் அரிசி மூட்டை.